ஏழாம் கட்டத்தில் வேப்பமரம்

செயற்கைக்கோள் வந்துவிட்டால், நான் காவேரிப் பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பது டெல்லிக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினேன். ஏதோ அரைகுறையாக அல்ல, முழு மனதோடு நம்பினேன். சைக்கிள் மணி, காரியரில் இருக்கும் டிபன் பாக்ஸ், என் முன்வழுக்கை எல்லாம் படத்தில் விழும், யாரோ ஒருவர் அதைப் பெரிதாக்கி, சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'இவர் யார்? இந்த நேரத்தில் இங்கே என்ன செய்கிறார்?' என்று கேட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. வானிலை இலாகாவில் பதினான்கு வருஷ சர்வீஸ். மேகங்களைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவன். ஆகவே இதை விவரம் தெரியாதவனின் பயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இது படித்துப் பயந்த பயம்.

இப்போது டி.வி.யில் செய்தி முடிந்ததும் இந்தியா படத்தின்மேல் வெள்ளைத் திட்டுகளைக் காட்டுகிறார்கள். என்னோடு வேலை பார்த்த இளையவர்கள், "இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படி சார் ஓட்டுனீங்க? எங்க சங்க மலருக்கு எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். இது இல்லாமல் ஓட்டியது பெரிய காரியமே இல்லை. இது வந்துவிடக் கூடாதே என்று ஓட்டியதுதான் பெரும்பாடு. அதை எழுதுகிறேன்.

நான் லால்குடிப் பக்கத்துக்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், வானிலையைப் பார்த்து எழுதும் அப்சர்வராக வேலைக்குச் சேர்ந்தேன். வெளியூரில் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கற்றுக்கொண்டதில் இந்தக் கதைக்கு வேண்டியது மூன்றுதான். ஒன்று, வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் மேகம் எத்தனை பங்கு என்று எழுத வேண்டும். இரண்டு, கருவிகள் இருக்கும் கம்பிவேலிக்குப் பக்கத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும், பார்க்கிற நேரத்தில்தான் எழுத வேண்டும். மூன்று, பார்த்ததை உடனே குறிக்கும் பாக்கெட் புக்கில் பென்சிலால் எழுதியதை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. தப்பானால் ஒரு கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். முதலாவதில் நான் கெட்டிக்காரன். மூன்றாவதை ஒரே ஒருமுறை மீற முயன்றேன். இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஆபீஸ் விமான நிலையத்தை ஒட்டி இருந்தது. இன்று கே.கே. நகர் இருக்கும் பக்கமெல்லாம் அன்று பொட்டல். நான் குடியிருந்ததோ ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவில். காலை எட்டரைக்கு முக்கியமான அப்சர்வேஷன். நாடு முழுக்க அதே நிமிஷத்தில் எல்லோரும் பார்த்து, சங்கேத எண்களாக்கித் தந்தி அடித்துவிட வேண்டும். ஏழே காலுக்குச் சைக்கிளை எடுத்தால் பாலக்கரை நெரிசலைத் தாண்டி எட்டு இருபதுக்குப் போய்ச் சேருவேன். மீதிப் பத்து நிமிஷத்தில் உலர்ந்த வெப்பமானி, ஈர வெப்பமானி, மழைமானி, காற்று, பாரமானி எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். இதற்கெல்லாம் கண் இருந்தால் போதும். மேகத்துக்கு மட்டும் யோசனை வேண்டும். என்ன ஜாதி, எத்தனை பங்கு, எவ்வளவு உயரம் என்று நிதானமாக நின்று பார்க்க வேண்டும். எட்டு இருபதுக்கு மூச்சு வாங்க வந்து சேருகிறவனுக்கு நிதானம் எங்கே இருக்கும்?

காவேரிப் பாலத்தில் இருந்தது. ஏழு முப்பத்தைந்துக்குப் பாலத்தின் நடுவில் வருவேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மறைப்பே இல்லாத வானம். ஒருநாள் சங்கிலி கழன்று நின்றபோது சும்மா பார்த்து எழுதிக்கொண்டேன். ஆபீசுக்குப் போனதும் காப்பி குடிக்க நேரம் கிடைத்தது. மறுநாள் சங்கிலி கழலவில்லை. ஆனாலும் நின்றேன். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தமிழ்நாட்டு வானிலை வரைபடத்தில் திருச்சி விமான நிலையத்துக்கு மேலே குறிக்கப்பட்ட காலை மேகமெல்லாம், என் டியூட்டி நாட்களில், ஆறு மைல் வடக்கே ஒரு மணி நேரம் முன்னால் இருந்த மேகம். அது அதற்குள் புதுக்கோட்டைக்குப் போயிருக்கும்.

எங்கள் ஆபீசர் சேஷாத்ரி சார். அவரும் ஸ்ரீரங்கம்தான். நெற்றியில் மெல்லிசாக ஒரு திருமண். பஸ்ஸில் வருவார், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வேறு பஸ் மாறுவார். எந்தத் தாளையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கடைசி வரியிலிருந்து மேலே படிப்பார். கேட்டால், "மேலேர்ந்து படிச்சா அவா சொல்றபடி நம்ப வேண்டி வரும். கீழேர்ந்து படிச்சாத்தான் என்ன கேக்கறான்னு தெரியும்" என்பார். திட்ட மாட்டார். திட்ட வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு முறை ஊதித் துடைப்பார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் டெல்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அமெரிக்காக்காரன் மேலே விட்டிருக்கும் வானிலைச் செயற்கைக்கோள், தலைக்கு மேல் போகும்போது மேகங்களைப் படம் பிடித்து அனுப்பும். அதை வாங்க ஒரு ரிசீவர் வேண்டும். தெற்கே திருச்சியில் ஒன்று வைக்க உத்தேசம். அதன் பயன்கள் என்று நான்கைந்து போட்டிருந்தார்கள். சேஷாத்ரி சார் வழக்கம்போலக் கீழிருந்து படித்தார். ஆகவே என் காதில் முதலில் விழுந்தது கடைசிப் பயன்தான்: 'உள்ளூர் அப்சர்வர்கள் எழுதும் மேகக் குறிப்புகளைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.'

"நல்லதாப் போச்சு" என்றார் சார். "என்ன வேலாயுதம், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். சந்தோஷம்."

வீட்டுக்கு வந்து மனைவி கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சியில் சொன்ன விதி, பாலம், செயற்கைக்கோள், வேலை போனால் லால்குடிக்குப் போய் என்ன செய்வது என்பதுவரை. அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"ஏங்க, அது எவ்வளவு உயரத்துல போகுது?"

"நானூறு, ஐந்நூறு மைல் இருக்கும்."

"அவ்வளவு உசரத்துலேருந்து பாக்குறவன் இத்தனை ஜனத்துல உங்களையா தேடுவான்? அப்படியே பாத்தாலும் வழுக்கைதான் தெரியும். நாட்டுல வழுக்கைக்கா பஞ்சம்? அரை மணி முன்னாடி கிளம்பிப் போங்களேன், தீந்துது."

இதில் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. ஆனால் அரை மணி முன்னால் கிளம்புவது கஷ்டம். செயற்கைக்கோளைத் தடுப்பது சுலபம் என்று பட்டது. பயந்தவன் கணக்குப் போடுகிற விதம் இப்படித்தான்.

அந்தக் கோப்பை என்னிடமே கொடுத்தார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதனால்.

இந்தத் திட்டம் தாமதமாகாமல் பார்த்துக்கொள்ள டெல்லியில் ஒரு கண்காணிப்புக் குழு போட்டிருந்தார்கள். அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும். படிவத்தில் ஒன்பது கட்டம். ஏழாவது கட்டம்: தாமதத்துக்குக் காரணம். எட்டாவது: தாமதத்தைப் போக்க எடுத்த நடவடிக்கை. முன்னேற்றம் என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது, இங்கே தமிழில் சொல்கிறேன்.

என் உதவி இல்லாமலேயே வேலை ஒழுங்காகத் தாமதமாகிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ரிசீவர் வைக்க ஓர் அறை கட்ட வேண்டும். அறை கட்டுகிறவர்கள் கருவியின் அளவு கேட்டார்கள். அளவு, கருவிக்கு ஆர்டர் கொடுத்தபின் வரும். ஆர்டர், அறை கட்டி முடிந்ததற்குச் சான்று அனுப்பியபின் கொடுக்கப்படும். முதல் அறிக்கையில் இதைத் தெளிவாக எழுதி, 'விரைவில் தீர்வு காணப்படும்' என்று முடித்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"விரைவில்னு எழுதாதேள். எவ்வளவு விரைவில்னு கேப்பா. நமக்குத் தெரியாது."

"அப்ப என்ன சார் எழுதறது?"

"காணப்படும்னு நிறுத்திக்கோங்கோ."

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மூன்றாவது அறிக்கையின்போது, அறைக்கும் கருவிக்கும் நடுவில் இருந்த முடிச்சை டெல்லியில் யாரோ ஒரு புண்ணியவான் அவிழ்த்துவிட்டார். அளவை உத்தேசமாக வைத்துக் கட்டலாம் என்று உத்தரவு வந்தது. ஆபீசுக்கு வெளியே வந்து நின்றேன். மேற்கே ஒரு வேப்பமரம். அதன் கீழே அந்தோணி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தோணி பாலக்கரைக்காரன். காற்றளக்க விடும் பலூனுக்கு ஹைட்ரஜன் நிரப்புவது அவன் வேலை. நான் மரத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன வேலு சார், மரத்தைப் புதுசாப் பாக்குறீங்க?"

"இது எவ்வளவு உசரம்டா இருக்கும்?"

"நான் சேந்தப்ப என் தோள் உசரம். இப்ப நீங்களே பாருங்க. ஏன் சார், மரம் உங்களை என்ன பண்ணுச்சு?"

மரம் ஒன்றும் பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன். செயற்கைக்கோள் அடிவானத்தில் எழுந்து அடிவானத்தில் மறையும், ஆகவே சுற்றிலும் மறைப்பு இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கையில் இருந்தது. ஏழாம் கட்டத்தில் எழுதினேன்: 'மேற்கே உள்ள வேப்பமரம் அடிவானத்தை மறைக்குமா என்பது தெளிவுபடுத்தப்பட வேண்டும்.' சார் கீழிருந்து மேலாகப் படித்தார். "நியாயமான சந்தேகம்" என்று கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரி டெல்லிக்குப் போய், அங்கிருந்து மரங்களுக்கு அதிகாரம் உள்ளவர்களிடம் போய், அவர்கள் இது எந்த இலாகாவின் மரம் என்று கேட்டு, மரத்துக்கு எண் இருக்கிறதா என்று கேட்டு, எண் இல்லை என்றதும் எண் கொடுக்க யாருக்கு அதிகாரம் என்று கேட்டு, ஒன்பது மாதம் ஓடியது. மூன்று அறிக்கைகளில் ஏழாம் கட்டத்தில் ஒரே சொல்: வேப்பமரம். நான் பாலத்தில் நிம்மதியாக நின்றேன். வானத்தைப் பார்த்து எழுதுவதோடு நிற்காமல், கண்ணில் பட்ட விசேஷத்தையெல்லாம் குறிப்புப் பகுதியில் நல்ல நடையில் எழுதினேன்.

ஆறாவது அறிக்கைக்கு முன்னால் கண்காணிப்புக் குழுவிலிருந்து தந்தி வந்தது: 'மரத்தை நேரில் பார்க்க அதிகாரி வருகிறார்.'

வந்தவர் சொக்கலிங்கம் என்பவர். மதுரைக்காரர், டெல்லியில் இருபது வருஷம். ஒல்லியான உடம்பு, தடித்த கைப்பை. காப்பி வேண்டாம் என்றார். மரத்தைக் காட்டுங்கள் என்றார். காட்டினோம். அவர் மரத்தைச் சுற்றி வந்தார். அந்தோணி தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மரியாதையாக விலகி நின்றான்.

"கோணம் அளந்தீங்களா?" என்று கேட்டார்.

அளக்கவில்லை. ஒன்பது மாதத்தில் நான்கு இலாகாக்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பலூனைத் தொடர்ந்து பார்த்துக் கோணம் அளக்கும் தியோடலைட் எங்களிடமே இருந்தது, மரத்திலிருந்து முப்பதடி தள்ளி. ரிசீவர் வர வேண்டிய இடத்தில் அதை நிறுத்தி, நானே கண்ணை வைத்து மர உச்சியைப் பிடித்தேன்.

"நாலு டிகிரி சார்."

சொக்கலிங்கம் சுற்றறிக்கையைப் புரட்டினார். ஐந்து டிகிரிவரை மறைப்பு இருக்கலாம் என்று போட்டிருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். மரம் என்னைக் கைவிட்டது. அவர் பேனாவை எடுத்தார், பிறகு மரத்தை மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

"இன்னிக்கு நாலு டிகிரி. ரிசீவர் வர்றப்ப எத்தனை இருக்கும்?"

சேஷாத்ரி சார் யோசித்தார். "அது ரிசீவர் எப்போ வரும்கறதைப் பொறுத்தது."

"அது மரத்தைப் பொறுத்ததுன்னுதானே நீங்க எழுதியிருக்கீங்க?"

இரண்டு பேருமே சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்தோணி மட்டும் ஹைட்ரஜன் அறைக்குள் போனான்.

பிறகுதான் சொக்கலிங்கம் அதைக் கேட்டார். "மரம் உண்மையிலேயே மறைக்குதுன்னா, தினமும் வானத்தைப் பாக்குற அப்சர்வர் அதைக் குறிச்சிருக்கணும். மேற்கே மறைப்புன்னு எங்கயாவது எழுதியிருப்பாரு. பாக்கெட் புக்கைக் கொண்டாங்க."

யாருடையது என்று அவர் கேட்கவில்லை. மேலாக இருந்தது என்னுடையது. நானே எடுத்துக் கொடுத்தேன். வேறு எதைக் கொடுப்பது என்று தோன்றவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். சார் ஜன்னலோரம் நின்றார். நான் நின்ற இடத்தில் என் கால்கள் நின்றன, நான் அங்கே இல்லை. மனசுக்குள் ஒரு தந்தி ஓடிக்கொண்டிருந்தது. மேகம் எட்டுக்கு எட்டு, காற்று இல்லை, அப்சர்வர் காலி.

நாலைந்து பக்கம் போனதும் அவர் விரல் நின்றது.

"மரம் இல்லை" என்றார். "ஆறு இருக்கு."

"சார்?"

"படிக்கிறேன், கேளுங்க. 'ஆற்றின் மேல் மெல்லிய மூடுபனி, கலைந்துகொண்டிருக்கிறது.' அடுத்த வாரம், 'நீர்ப்பரப்பில் மேக நிழல் கிழக்கு நோக்கி நகர்கிறது.' நல்லா எழுதியிருக்கீங்க." எழுந்து வாசலுக்குப் போய் நாலு பக்கமும் பார்த்தார். ஓடுபாதை, பொட்டல், வேப்பமரம், அதன் கீழே ஓர் ஆடு. திரும்பி வந்தார். "இங்க ஆறு எங்க இருக்கு?"

பயிற்சியில் சொன்ன மூன்றாவது விதியை அப்போதுதான் மீறப் பார்த்தேன். புத்தகம் மேஜைமேல் திறந்திருந்தது. சரி பார்ப்பவன்போல விரலை வைத்து 'ஆற்றின்' என்ற சொல்லின்மேல் தேய்த்தேன். அவர் கண்ணெதிரே, பட்டப்பகலில். பென்சில் கொஞ்சம் பரவியது. மூடுபனி போட்டதுபோல இருந்தது.

"அழிக்காதீங்க" என்றார் சொக்கலிங்கம், சாதாரணமாக.

சேஷாத்ரி சார் ஜன்னலை விட்டு வந்து புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். இந்த ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேலாயுதம், இது பாலத்துலேர்ந்தா?"

"ஆமா சார்."

"தினமும் அங்க நிக்கறேளே, அப்போவா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஊதவில்லை. துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுலேர்ந்து தினமும் பாத்திண்டிருக்கேன். ஆகாசத்தைப் பாத்து நிப்பேள். கோபுரத்தைப் பாத்துப் பெருமாளைச் சேவிக்கறேள்னு நினைச்சுண்டிருந்தேன். ஆத்துக்காரிகிட்டகூடச் சொல்லியிருக்கேன். லால்குடிப் பிள்ளை, நம்மளைவிட பக்திமான்னு."

அந்த நிமிஷம் என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தால் வலித்திருக்காது. ஆனால் பயம் வாயைச் சும்மா இருக்கவிடாது. சொக்கலிங்கத்தின் பக்கம் திரும்பி உளற ஆரம்பித்தேன்.

"பாலத்துல அடிவானம் ரொம்ப நல்லாத் தெரியும் சார். நாலு பக்கமும் தெரியும். மறைப்பே கிடையாது. ஒரு மரம்கூட இல்லை சார்."

"மரமே இல்லையா?"

"ஒரு செடிகூட இல்லை சார்."

சொக்கலிங்கம் கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். நிதானமாக எழுதினார். என் வேலைநீக்கம் எத்தனை வரி வரும் என்று எண்ணிக்கொண்டு நின்றேன். எழுதி முடித்து, எங்களிடம் நீட்டினார். அவர் எழுதியது இது: 'விமான நிலைய வளாகத்தில் வளரக்கூடிய மரம் உள்ளது. காவேரிப் பாலத்தருகே மறைப்பற்ற மாற்று இடம் இருப்பதை உள்ளூர் அப்சர்வர் நீண்டகால நேரடிக் கவனிப்பின் மூலம் கண்டறிந்துள்ளார். அவ்விடத்தை ஆராய்ந்து அறிக்கை அனுப்பவும். அதுவரை இங்கே கட்டட வேலையை நிறுத்தி வைக்கவும்.'

தாமதத்தைப் போக்க வந்தவர் மாலை ரயிலில் போனார்.

அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது சார், "நாளைலேர்ந்து அரை மணி முன்னாடி கிளம்புங்கோ" என்றார். கமலா சொன்ன அதே வாக்கியம். மறுநாளிலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்பினேன். பாலத்தில் நிற்கவில்லை. சார் வரும் பஸ் கண்ணில் படாத நேரம் அது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

மாற்று இடத்தை ஆராய்ந்தோம். அந்தோணி தியோடலைட்டின் முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மா, "புதுப் பாலம் கட்டப் போறீங்களாய்யா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, வேலு சார் இங்கேருந்து மேகம் பாத்தாராம், அதுக்கு அளக்குறோம்" என்றான் அந்தோணி.

"நல்லா அளந்தீங்க போ" என்று அந்த அம்மா நகர்ந்துவிட்டார்.

தெற்கே மலைக்கோட்டை. கரைநெடுகத் தென்னை. வடக்கே கோபுரம். எல்லாம் ஐந்து டிகிரிக்குமேல் வந்தன. இரண்டு வருஷம் அங்கே நின்றவன் நான், மலைக்கோட்டை இருப்பதைச் சொக்கலிங்கத்திடம் சொல்லத் தோன்றவில்லை. மேகம் பார்க்கிறவன் கண்ணுக்கு மலை தெரியாது. அறிக்கையின் ஏழாம் கட்டத்தில் மூன்றையும் எழுதிக் கொண்டுபோனேன்.

"கோபுரத்தைக் காரணம் காட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் சார்.

"'வடக்கே உயரமான கட்டடம்'னு போடவா சார்?"

சார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "கட்டடம்னும் போடாதேள். 'வடக்கே பார்வை உயர்கிறது'ன்னு எழுதுங்கோ."

அப்படியே போயிற்று. மலைக்கோட்டைக்கு எதிரே எட்டாம் கட்டத்தில், எடுத்த நடவடிக்கை: இல்லை. கண்காணிப்புக் குழு அதை ஏற்கவில்லை. ஏன் இல்லை என்று விளக்கம் கேட்டது. நான் ஆறேழு விளக்கங்கள் எழுதினேன். சில வருஷங்களில் சேஷாத்ரி சார் ஓய்வு பெற்றார். பிறகு கேள்விகள் மெல்ல நின்றன. ரிசீவர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். எழுத்தில் எதுவும் வரவில்லை. மழைமானியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, நான் அளந்துகொண்டிருந்தேன்.

செயற்கைக்கோள் எடுத்த படத்தை நான் முதன்முதலில் பார்த்தது பல வருஷம் கழித்து, வெளியூர் ஆபீஸ் ஒன்றின் சுவரில். தமிழ்நாடு என் கட்டைவிரல் நகத்தளவு இருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைப் பூச்சு. பாலமும் விமான நிலையமும் வேப்பமரமும் என் சைக்கிளும் அந்த ஒரே பூச்சுக்குள் இருந்தன. பக்கத்தில் நின்றவர் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறப் பத்து நாள் இருக்கும்போது, அப்போதைய ஆபீசர் மீனாட்சி மேடம் கூப்பிட்டனுப்பினார். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். மேஜைமேல் ரகசிய அலமாரியில் இருக்க வேண்டிய கோப்பு ஒன்று.

"சார், உங்க பென்ஷனுக்கு ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில இல்லைன்னு நான் சான்று தரணும்."

"தாங்க மேடம்."

"ஒண்ணு நிலுவையில இருக்கு சார். இருபது வருஷமா."

முப்பத்தாறு வயதில் பழகிய அதே பயம், ஒருநாள்கூட லீவு போடாததுபோல வந்து நின்றது. அவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். சேஷாத்ரி சாரின் கடிதம். சொக்கலிங்கம் வந்து போனதற்கு மறுநாள் தேதி.

'இங்குள்ள அப்சர்வர் வேலாயுதம் இரண்டு வருஷமாகக் காலை மேகத்தைக் காவேரிப் பாலத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். வெப்பம், மழை, காற்று, அழுத்தம் ஆகியவை இங்கேயே முறைப்படி எடுக்கப்பட்டவை. மேகக் குறிப்புகளை மட்டும் அதற்கேற்பக் கருத வேண்டும். நான் தினமும் அவரை அங்கே பார்த்தும் ஏன் நிற்கிறார் என்று கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.'

விரைவில் என்ற சொல் எங்கும் இல்லை. இதை எழுதிவிட்டுச் சில வருஷம் என் எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீழே டெல்லியின் பதில், இரண்டே வரி: 'கடிதம் கிடைத்தது. திருச்சியில் செயற்கைக்கோள் ரிசீவர் நிறுவப்பட்டபின், மேற்படி அப்சர்வரின் குறிப்புகளைப் படங்களோடு ஒப்பிட்டு நடவடிக்கை முடிவு செய்யப்படும்.'

படத்தில் என் சைக்கிள் விழும் என்று நம்பிய முட்டாள் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். எனக்கு டெல்லியில் துணை இருந்திருக்கிறது.

மேடம் பேனாவைத் திறந்தார். "ரிசீவர் இங்க வந்துச்சா சார்?"

"வரலைங்க."

"ஏன்?"

ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தேன். ஆறு டிகிரிக்குக் குறையாது.

"காரணம் ஏழாம் கட்டத்துல இருக்கு மேடம்."

அவர் அதைத் தேடவில்லை. 'ரிசீவர் நிறுவப்படவில்லை. எனவே ஒப்பிடப்படவில்லை. கோப்பு முடிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பத்து நாள் கழித்து நான் ஓய்வு பெற்றேன்.